தயாரிப்பாளருக்கு மதிப்பெண் போடும் டீலர்கள்

மோட்டார் வாகனத் தொழிலில் தயாரிப்பு நிறுவனத்தின் நிறைகுறைகளை எல்லாருக்கும் முன்பாக அறிபவர் டீலர். எந்த வண்டியின் செயின் சீக்கிரம் தளரும், எந்த உதிரிபாகம் கேட்டால் வாரக்கணக்கில் வராது, எந்த நிறத்தை ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார் என்பதெல்லாம் விற்பனைக் கணக்கிலிருந்தும் சர்வீஸ் பட்டறையிலிருந்தும் அவருக்கு நாள்தோறும் தெரிந்துகொண்டே இருக்கிறது. தெரிந்ததை அவர் நிறுவனத்தின் முகத்துக்கு நேரே சொல்ல முடிகிறதா என்பதுதான் இந்திய வாகன வணிகத்தில் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டும் தீராமல் கிடக்கும் கேள்வி.

திருவண்ணாமலை மாவட்டத்தில், பட்டு நெசவாலும் அரிசி ஆலைகளாலும் பெயர்பெற்ற ஆரணியில் இந்தக் கேள்வியின் இரண்டு பக்கங்களையும் ஒரே கடைத்தெருவில் காணலாம். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் வணிகத்தில், பட்டு முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுக்க, முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற சுற்றூர்களின் வீட்டுத் தறிகளில் கூலிக்குச் சேலை நெய்யப்படுகிறது. நெய்து வந்த சேலையில் இழை விட்டிருந்தாலோ கரை சாய்ந்திருந்தாலோ கூலியில் பிடித்தம் விழும். ஜவுளிக் கடைக்காரர் ‘இந்த நிறம் ஓடவில்லை’ என்று சொல்லிவிட்டால் தறியில் ஏறும் அடுத்த பாவின் நிறமே மாறிவிடும். விற்பவர் சொல்லுவது செய்பவர் காதில் உடனே விழுகிற தொழில் இது. செய்பவரின் குறைதான் எளிதில் மேலே ஏறாது. அதே ஊரில் இருசக்கர வண்டி விற்பவரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் நிறுவனத்திடம் வண்டியைக் கடனுக்கு வாங்கி, விற்ற பின் பணம் கட்டுவதில்லை; விற்காததைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை.

இந்த ஏற்பாட்டின் உள்கூட்டைப் புரிந்துகொள்ளாமல் டீலர்களின் மனக்குறையைப் புரிந்துகொள்ள முடியாது. தொழிற்சாலையிலிருந்து வண்டி புறப்படும்போதே அதன் விலை நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தப் பணத்தைப் பெரும்பாலும் வங்கியோ நிதி நிறுவனமோ சரக்கிருப்பின் பேரில் டீலருக்குக் கடனாகத் தருகிறது. குறிப்பிட்ட நாட்களுக்குள் வண்டி விற்காவிட்டால் அதன்மேல் ஏறும் வட்டி அவருடைய லாபத்தைத் தின்னத் தொடங்குகிறது. நிறுவனத்தைப் பொறுத்தவரை வண்டி டீலரின் கிடங்குக்குள் நுழைந்ததுமே அது விற்பனை. தயாரிப்பாளர்களின் சங்கமான சியாம் மாதந்தோறும் வெளியிடும் எண்ணிக்கை இந்த அனுப்புகையைக் குறிப்பது; டீலர்களின் கூட்டமைப்பு வெளியிடுவதோ போக்குவரத்துத் துறையின் ‘வாஹன்’ தளத்தில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கை, அதாவது உண்மையில் வாடிக்கையாளர் கைக்குப் போனவை. செய்தித்தாளில் ஒரே மாதத்தின் விற்பனை ஒரு நாள் ஏறியதாகவும் சில நாள் கழித்து இறங்கியதாகவும் வரும்போது வாசகர் குழம்ப வேண்டியதில்லை. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஏதோ ஒரு டீலரின் கிடங்கில் வெயிலில் நிற்கிறது.

அந்தக் கூட்டமைப்பு, 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஃபாடா, அதாவது இந்திய மோட்டார் வாகன டீலர் சங்கங்களின் கூட்டமைப்பு. 15,000-க்கும் மேற்பட்ட டீலர்களையும் அவர்களுடைய 30,000-க்கும் மேற்பட்ட விற்பனை நிலையங்களையும் தான் பிரதிநிதித்துவப்படுத்துவதாக அது கூறுகிறது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கணக்கை வெளியிட்டபோது, கார் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான சரக்கு தேங்கிவிட்டது என்றும், ஏறத்தாழ 7.9 லட்சம் வண்டிகள், 79,000 கோடி ரூபாய் மதிப்பில், விலைபோகாமல் நிற்கின்றன என்றும் ஃபாடா அறிவித்தது. 21 நாள் சரக்கே போதும் என்பது அதன் நெடுநாளைய வாதம். டீலர்கள் தனித்தனியாகச் சொல்லத் தயங்கும் இந்த எண்ணைச் சங்கம் சொன்னதால்தான், ‘தள்ளிவிடப்பட்ட சரக்கு’ என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஷயம் ரிசர்வ் வங்கி வரைக்கும் போயிற்று.

சரக்குத் தேக்கம் ஒன்றுதான் குறை என்பதில்லை. அண்மை ஆண்டுகளில் ஃபாடா, சிங்கப்பூரைச் சேர்ந்த பிரிமோன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து டீலர்களின் மனநிறைவை அளக்கும் ஆய்வை நடத்திவருகிறது. வண்டியின் தரம், அனுப்பும் ஒழுங்கு, விற்பனைக்குப் பிந்தைய சேவை, விளம்பரம், வணிகம் தாக்குப்பிடிக்கும் தன்மை, நிறுவனத்தின் கொள்கை எனப் பல தலைப்புகளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் டீலர்கள் மதிப்பெண் இடுகிறார்கள். மொத்தம் 1,000 புள்ளிகள். வண்டியின் தரத்தைப் பற்றிப் பெரும்பாலும் நல்ல வார்த்தை சொல்லும் டீலர்கள், விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுதல், கொள்கை வகுக்கும்போது தங்களைக் கலந்துகொள்ளுதல் ஆகியவற்றில் மனக்குறையையே பதிவுசெய்கிறார்கள். வண்டி நன்றாயிருக்கிறது, வியாபாரம்தான் சரியில்லை என்பதே இந்த ஆய்வின் சாரம் என்று கொள்ளலாம்.

இத்தகைய மதிப்பீடு அமெரிக்காவில் பழகிப்போன ஒன்று. படுக்கை, அடுப்பு, கழிப்பறை சகிதம் வீட்டையே சக்கரத்தில் ஏற்றியதுபோல் அமைந்த, ஆர்.வி. எனப்படும் சுற்றுலா வண்டிகளை விற்கும் டீலர்களின் சங்கம் அங்கே தயாரிப்பாளர்களைப் பற்றி உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டுத் தரவரிசை காண்கிறது. தேர்ந்த நிறுவனங்களுக்கு விருதும் தருகிறது. கொரோனா காலத்தில் விடுதிக்கும் விமானத்துக்கும் அஞ்சிய அமெரிக்கர்கள் இவ்வண்டிகளை வாங்கிக் குவித்ததில் 2021ஆம் ஆண்டு 6 லட்சத்துக்கு மேற்பட்டவை தொழிற்சாலைகளிலிருந்து அனுப்பப்பட்டன. 2023இல் அது 3.13 லட்சமாகச் சரிந்தது. ஏறும்போது அவசரத்தில் செய்த வண்டியைப் பழுதுபார்ப்பவரும், இறங்கும்போது விற்காத வண்டிக்கு வட்டி கட்டுபவரும் டீலரே என்பதில் அமெரிக்காவுக்கும் ஆரணிக்கும் வேற்றுமை இல்லை. வேற்றுமை சட்டத்தில் இருக்கிறது. நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ளாத தயாரிப்பாளர்மீது கார் டீலர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டம் அங்கே 1956ஆம் ஆண்டே வந்துவிட்டது. அதற்குமேல் மாநிலங்கள்தோறும் டீலர்ஷிப் பாதுகாப்புச் சட்டங்களும் உள்ளன.

சட்டத்தின் துணை இல்லாத இடத்தில் குறை எந்த உருவில் வெளிவரும் என்பதற்கு மாருதி சுசுகி வழக்கு தக்க சான்று. டீலர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடமிருந்து, பெயர் குறிப்பிடாமல் வந்த மின்னஞ்சல் ஒன்றை வைத்து இந்தியப் போட்டி ஆணையம் அந்த விசாரணையைத் தானாக முன்வந்து தொடங்கியது. நிறுவனம் வகுத்த அளவுக்கு மேல் டீலர் தள்ளுபடியோ இலவசப் பொருளோ தரக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததையும், அதைக் கண்காணிக்க வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்கள் ஷோரூம்களுக்கு அனுப்பப்பட்டு உரையாடல்கள் மறைவாகப் பதிவுசெய்யப்பட்டதையும், மீறியவர்களிடம் அபராதம் வாங்கப்பட்டதையும் ஆணையம் தன் தீர்ப்பில் விரித்துரைத்தது; அபராதம் டீலரோடு நில்லாமல் விற்பனைப் பையன் வரை இறங்கியது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆணையம் விதித்த தண்டத்தொகை 200 கோடி ரூபாய். நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. இதற்கு முன் 2017இல் ஹூண்டாய் நிறுவனத்துக்கு இதையொத்த காரணத்துக்காக விதிக்கப்பட்ட 87 கோடி ரூபாய் தண்டத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மறுவருடமே நீக்கிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். முடிவு எதுவாயினும், கோடிக்கணக்கில் முதல் போட்டவர் கூடப் பெயர் சொல்லாமல்தான் எழுத வேண்டியிருக்கிறது என்ற உண்மை அந்த மின்னஞ்சலிலேயே பதிந்துகிடக்கிறது.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2021 செப்டம்பர் 9ஆம் நாள் ஃபோர்டு நிறுவனம் மறைமலை நகரிலும் குஜராத்தின் சாணந்திலும் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, அதன் 170 டீலர்கள் 391 விற்பனை நிலையங்களில் ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் முடக்கியிருந்தார்கள் என்றும், அவர்களிடம் 40,000 பேர் வேலை பார்த்தார்கள் என்றும் ஃபாடா கணக்குச் சொன்னது. அறிவிப்புக்குச் சில மாதங்கள் முன்பு வரை புதிய டீலர்கள் சேர்க்கப்பட்டார்கள் என்பது அதைவிடக் கசப்பான செய்தி. 2017இல் ஜெனரல் மோட்டார்ஸ், 2020இல் ஹார்லி டேவிட்சன் என்று முன்னுதாரணங்கள் இருந்தும் கடையை மூடும் நிறுவனம் டீலருக்கு என்ன கொடுக்கவேண்டும் என்பதற்குப் பொதுவான விதி ஏதும் இல்லை. அந்தந்த ஒப்பந்தத்தில் எழுதியதுதான் விதி, எழுதியவர் நிறுவனத்தார்.

எல்லாப் பழியையும் தயாரிப்பாளர்மேல் போடுவதும் நேர்மையாகாது. டீலரைத் தவிக்கவிடுவதில் அரசுக்கும் பங்குண்டு. 2025 ஆகஸ்ட் 15ஆம் நாள் பிரதமர் வரிக்குறைப்பை அறிவித்தார். ஜிஎஸ்டி குறைப்பு நடைமுறைக்கு வந்ததோ செப்டம்பர் 22ஆம் நாள். ஆடி முழுவதும் வண்டி எடுக்காமல் ஆவணிக்காகக் காத்திருக்கும் வழக்கமுள்ள ஆரணி போன்ற ஊர்களில், ஆவணி பிறந்தும் வாடிக்கையாளர் ‘வரி குறையட்டும்’ என்று மேலும் ஐந்து வாரம் நின்றுவிடுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? 350 சிசிக்கு உட்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆக இறங்கியது. ஜிஎஸ்டிக்கு மேல் வாங்கப்பட்ட இழப்பீட்டு வரி (செஸ்) அவற்றுக்கு முன்பே இல்லாததால் சிறு நகர பைக் டீலர் வட்டி நஷ்டத்தோடு தப்பினார். கார் டீலர்களுக்கோ, பழைய சரக்குக்குக் கட்டிய இழப்பீட்டு வரியைக் கழித்துக்கொள்ள வழியின்றிப் போயிற்று. அப்படி முடங்கிய தொகை 2,500 கோடி ரூபாய் அளவில் இருக்கும் என்று ஃபாடா மதிப்பிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது ஊரடங்கில் மாட்டிக்கொண்ட பி.எஸ்.4 வண்டிகளுக்காக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர்களும் இதே டீலர்கள்தாம்.

டீலர்களும் குறையற்றவர்கள் அல்லர். கையாளும் கட்டணம் என்ற பெயரில் ரசீதில் சேரும் தொகை, தேவையில்லாத துணைப் பொருள்களைக் கட்டாயமாகத் தலையில் கட்டுவது, கூடுதல் கமிஷன் தரும் நிதி நிறுவனத்தின் பக்கமே வாடிக்கையாளரைத் தள்ளுவது ஆகியவை சிறு நகரங்களில் வண்டி வாங்கியவர்கள் அறிந்தவையே. நிறுவனங்கள் தம் பங்குக்கு, பண்டிகைத் தேவையை முன்கணித்தே வண்டிகளை அனுப்புவதாகவும், உற்பத்தியை மாதத்துக்கு மாதம் ஏற்றி இறக்க முடியாது என்றும் சொல்கின்றன. அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் கணிப்புத் தவறினால் வட்டி கட்டுபவர் கணித்தவர் அல்லர் என்பதால் அந்த நியாயம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இந்தச் சங்கிலியில் இன்னும் கீழே இருப்பவர் சப்-டீலர். தாலுகா ஊர்களில் பெயர்ப்பலகை மாட்டி வண்டி விற்கும் பலருக்கு நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தம் கிடையாது. மாவட்டத் தலைநகரிலோ பெருநகரிலோ உள்ள முதன்மை டீலரிடமிருந்து வண்டி எடுத்து, அவருடைய கமிஷனில் ஒரு பங்குக்கு விற்கிறார்கள். வண்டியைப் பற்றிய குறையை முதலில் கேட்பவர் இவர். அந்தக் குறை முதன்மை டீலரிடம் போய், வட்டார மேலாளரிடம் ஏறி, தொழிற்சாலையை அடைவதற்குள் தேய்ந்துவிடுகிறது.

வாகனத் துறைச் சரிவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு, டீலர்களைக் காக்கும் தனிச் சட்டம் வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரிந்துரைத்தது. ஃபோர்டு வெளியேறியது அதற்குப் பின்புதான். பின்னர், 2025 அக்டோபரில், மறைமலை நகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் எஞ்சின் தயாரிக்க ஃபோர்டு தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. நிறுவனத்தைத் திரும்ப அழைக்க அரசு காட்டிய முனைப்பில் சிறு பங்கையேனும் டீலர் பாதுகாப்புச் சட்டத்துக்கும் காட்டவேண்டும். ஆண்டுதோறும் மதிப்பெண் போடுவது சட்டத்துக்கு ஈடாகாது.

அதுவரை வண்டி வாங்குபவர் தன் அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதிவுக்காக டீலர் தரும் படிவம் 21 எனப்படும் விற்பனைச் சான்றில் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். பணம் கட்டும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள். பல மாதங்களுக்கு முந்தைய தேதியானால் அந்த வண்டி டீலருக்கு வட்டி ஏற்றிக்கொண்டு நின்ற வண்டி. டயரையும் பேட்டரியையும் சோதித்துவிட்டு, விலையில் குறைப்புக் கேட்பது நியாயமே.