ஏரி தீப்பற்றுவது ஏன்? பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரி சொல்லும் உண்மை

பெங்களூரு: நீர்நிலை தீப்பற்றி எரியும் என்பதைப் பலரும் நம்பமாட்டார்கள். ஆனால், பெங்களூருவின் மிகப் பெரிய ஏரியான பெல்லந்தூரில் 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அது நிகழ்ந்தது. 2018 ஜனவரியில் மூண்ட தீயை அணைக்க ராணுவ வீரர்களும் தீயணைப்புப் படையினரும் பல மணி நேரம் போராடினர்.

ஏரிகளின் சங்கிலி

வற்றாத நதி எதுவும் பாயாத மேட்டு நிலத்தில் அமைந்த நகரம் பெங்களூரு. எனவே, மழைநீரைத் தேக்க முன்னோர் ஏரிகளை வெட்டி, அவற்றை 'ராஜகாலுவே' எனப்படும் கால்வாய்களால் இணைத்தனர். ஓர் ஏரி நிரம்பினால் உபரிநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். நகரம் வளர்ந்தபோது இந்தச் சங்கிலி அறுந்தது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையமும், சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கமும் உள்ளன.

நுரையும் நெருப்பும்

சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து குழாய்களில் கொண்டுவரப்படும் காவிரி நீர், வீடுகளில் பயன்பட்ட பின் கழிவுநீராகிறது. அதில் பெரும் பகுதி, முழுமையாகச் சுத்திகரிக்கப்படாமலே பல ஆண்டுகளாக பெல்லந்தூரில் கலந்து வந்தது. கழிவுநீரிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உண்டு ஆகாயத்தாமரை செழித்து, நீர்ப்பரப்பை மூடுகிறது. சூரிய ஒளி உள்ளே புகாததால் நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மடிகின்றன. ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் மீத்தேன் வாயு உருவாகிறது. இந்த வாயுவும், காய்ந்த செடிகளும், கொட்டப்படும் குப்பையும் சேர்ந்தால் ஒரு தீப்பொறியே போதும். சலவைத்தூளில் உள்ள வேதிப்பொருட்கள் கலந்த நீர் மதகுகளில் விழுந்து கலங்கும்போது வெண்ணுரை எழுகிறது.

தமிழகத்திலும் பாதிப்பு

இந்தப் பாதிப்பு மாநில எல்லையோடு நிற்பதில்லை. பெல்லந்தூரின் உபரிநீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணை ஆற்றைச் சேர்கிறது. கர்நாடகத்தில் தட்சிண பினாகினி எனப்படும் இந்த ஆறு, ஓசூர் அருகேயுள்ள கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையிலிருந்து திறக்கப்படும் நீரில் ரசாயன நுரை பொங்குவது அப்பகுதி விவசாயிகளுக்குப் பழகிப்போன காட்சி. நுரையை உண்டாக்காதவர்களே அதன் விளைவைச் சுமக்கிறார்கள்.

தீர்வு என்ன?

2017 தீ விபத்துக்குப் பின் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து விசாரணை நடத்தியது. 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு ரூ.50 கோடியும், பெங்களூரு மாநகராட்சிக்கு ரூ.25 கோடியும் அபராதம் விதித்தது. பின்னர், ஏரியில் தூர்வாரும் பணிகள் தொடங்கின. ஆனால், தூர்வாருவதால் பழைய சேறு மட்டுமே அகலும். புதிய கழிவுநீர் வருவதைத் தடுக்காவிட்டால் ஏரி மீண்டும் பழைய நிலைக்கே திரும்பும். ஏரியின் மீட்சி கரையில் அன்று, கால்வாயின் தொடக்கத்திலேயே தொடங்க வேண்டும்.