தந்தையின் உளிகள்

மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். 1955-ஆம் ஆண்டில் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் இதனை ஏற்படுத்தினார். நாம் 'தச்சர்' என வாசிக்கும் இடத்தில் நற்செய்தியின் கிரேக்க மூலம் 'தெக்தோன்' என்கிறது. கட்டட வேலை செய்வோரையும் அச்சொல் குறிக்கும். எனினும், அவரை உளியோடும் வாளோடும் எண்ணிப் பார்ப்பதே நம் மக்களுக்குப் பிரியம்.

அவ்வாறிருக்க, நம் தச்சுக் குடும்பங்கள் பலவற்றில் தந்தை இறந்தபின் அவருடைய உளிகள் பரணில் துருவேறிக் கிடந்து, இறுதியில் பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டு விற்கப்படுகின்றன. மின்கருவி இருக்க உளி எதற்கு என்கிறான் மகன். மின்கருவி வெட்டிய கீல்பள்ளத்தின் மூலை வட்டமாகவே நிற்கும். அதனைச் சதுரமாக்க அவனுக்கும் உளியே வேண்டும்! அதற்குத்தான் கடையில் புதியது வாங்குகிறான்.

நிற்க. பழைய உளி தேறுமா என்பதைத் தச்சர்கள் இவ்வாறு பார்க்கிறார்கள். மேலோட்டமான துருவானால், ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து உப்புத்தாளால் தேய்த்தால் அகன்றுவிடும். ஆனால் தட்டைப் பக்கத்தில், வெட்டுவாயை ஒட்டிக் குழிகள் விழுந்திருப்பின், அவை மறையும்வரை சமமான கல்லில் தேய்த்தாக வேண்டும். வெட்டுவாய் என்பது இரு முகங்கள் கூடும் கோடு. ஒன்றில் குழியிருந்தால் கோடும் பல்லாகிவிடும். சரிவுப் பக்கத்தை 25 முதல் 30 பாகை வரை தீட்டுவது வழக்கம். மின்சாணையில் பிடிப்போர் அடிக்கடி தண்ணீரில் தோய்த்தெடுக்க வேண்டும். நுனி நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று. நீலம் பாய்ந்த அளவையும் தேய்த்துக் கழிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பிடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தந்தையின் கை பட்டு வழவழப்பேறிய பிடியை எறிய எவருக்கும் மனம் வராது. ஆயினும், விரிசல் கண்ட பிடியைக் கம்பி சுற்றிப் பயன்படுத்துவது ஆபத்து. கொட்டாப்புளியின் அடியில் அது பிளந்து உள்ளங்கையைக் கிழித்துவிடும். அதனை அளவுக்காக வைத்துக்கொண்டு, நன்கு காய்ந்த கருவேல மரத்தில் புதியதைச் செதுக்கலாம். மரத்தின் ரேகை நீளவாக்கில் நேராக ஓடுவது அவசியம். உளியின் வால் இறுகிப் புகுமாறு துளை சற்றுக் குறுகலாகவும், வெட்டுவாய்க்கு நேர்கோட்டிலும் அமைய வேண்டும். பித்தளைக் குழாயிலிருந்து விரலகலம் வெட்டிய துண்டு நல்ல பூணாகும். பூண் போட்ட பின்னரே வாலை அடித்து இறக்க வேண்டும், இல்லையேல் மரம் பிளக்கும். வாலைப் பழுக்கக் காய்ச்சி இறக்குவோரும் உண்டு. அவர்கள் உளியின் உடலை ஈரத்துணியால் சுற்றிக்கொள்வார்கள், சூடு வெட்டுவாய்க்கு ஏறாதிருக்க.

மகனுடைய கை பெரிதாயின் பிடியைச் சற்றுப் பருமனாக விடலாம். மேலே ஆளிவிதை எண்ணெய் தடவினால் உலர்ந்து இறுகும். வார்னிஷ் வேண்டா, வியர்வைக் கையில் அது வழுக்கும்.