ஐயும் குவ்வும்

ஆர்.கே.புரத்தில், அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில், என் அண்ணன் குடும்பம் வாழ்கின்றது. ஞாயிறுதோறும் விடுதிச் சோற்றுக்கு விடை கொடுத்துவிட்டு அங்குச் செல்வது என் வழக்கம். ஒரு ஞாயிறன்று நான் படியேறும்போதே அண்ணன் மகள் அழுதுகொண்டு ஓடி வந்தாள். “சித்தப்பா! பக்கத்து வீட்டுப் பையன் எனக்கு அடித்துவிட்டான்!” என்றாள்.

“உனக்கு என்ன அம்மா அடித்தான்? பந்தா?” என்று கேட்டுச் சிரித்தேன். குழந்தையின் அழுகை இரு மடங்காயிற்று. அண்ணி சிரிக்கவில்லை. “சிரிக்காதே தம்பி. தில்லியிலே பிறந்த பிள்ளை. பள்ளியிலும் தெருவிலும் இந்திதான். வீட்டில் நாங்கள் பேசும் தமிழ் மட்டும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?” என்றார்கள். என் சிரிப்பு அடங்கிவிட்டது.

அடங்கியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. முதலாண்டில் நானும் இவ்வாறு சிரிப்புக்கு ஆளானவனே. உதவித்தொகை வேண்டி ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். ‘விதிகளை எனக்கு விளக்குங்கள்’ என்னும் கருத்தில், ‘எக்ஸ்பிளெய்ன் மீ தி ரூல்ஸ்’ என்று எழுதியிருந்தேன். அங்கிருந்தவர் அதை உரக்கப் படித்தார். அறையில் இருந்தோர் நகைத்தனர். பின்னர் ஓராண்டுக் காலம் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே அஞ்சினேன். நம்மில் பலர் இவ்வாறு அஞ்சி வாய்மூடி இருக்கின்றனர் என்பதை அறிவேன். அவர்களுக்காகவே இதனை எழுதுகின்றேன்.

நண்பர்களே! ‘ஆசிரியர் மாணவனுக்குப் புத்தகத்தைக் கொடுத்தார்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். எதைக் கொடுத்தார்? புத்தகத்தை. இது நேர் செயப்படுபொருள். யாருக்குக் கொடுத்தார்? மாணவனுக்கு. இதனை ஆங்கில இலக்கணத்தார் மறைமுகச் செயப்படுபொருள் என்பர். நமக்கு இவை புதியன அல்ல. முன்னது இரண்டாம் வேற்றுமை, ‘ஐ’. பின்னது நான்காம் வேற்றுமை, ‘கு’. நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் நன்னூலார் கொடையையே முதலில் வைக்கின்றார்.

இனி, அத்தொடரின் சொற்களை இடம் மாற்றிப் பாருங்கள். ‘புத்தகத்தை மாணவனுக்கு ஆசிரியர் கொடுத்தார்.’ பொருள் மாறிற்றா? இல்லை. ஏன்? ஒவ்வொரு சொல்லும் தன் அடையாளத்தைத் தன்னோடே சுமந்து செல்கின்றது.

ஆங்கிலத்தில் அந்த அடையாளம் இல்லை. ‘தி டீச்சர் கேவ் தி பாய் எ புக்’ என்னும்போது பையனுக்கும் உருபில்லை, புத்தகத்துக்கும் உருபில்லை. நிற்கும் இடமே உருபு. பெறுபவன் முன்னே, பெறும் பொருள் பின்னே. இதை மாற்றி ‘கேவ் எ புக் தி பாய்’ என்றால், புத்தகத்துக்குப் பையனைத் தானம் செய்தது போல் ஆகிவிடும்! பொருளை முன்னே வைக்க விரும்பினால், பெறுபவனுக்கு முன் ‘டு’ என்பதைக் காவல் நிறுத்த வேண்டும்: ‘கேவ் எ புக் டு தி பாய்.’ ‘வாங்கு’, ‘செய்’ போன்ற வினைகளுக்கு ‘ஃபார்’ காவல்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் உருபுகள் உடைய மொழியே. பழைய ஆங்கிலத்தில் ‘அவனை’ என்பதற்கு ‘ஹினெ’ என்றும், ‘அவனுக்கு’ என்பதற்கு ‘ஹிம்’ என்றும் வேறு வேறு சொற்கள் இருந்தன. காலப்போக்கில் உருபுகள் தேய்ந்தன. ‘ஹிம்’ ஒன்றே இரு வேலையையும் ஏற்றது. தேய்ந்த உருபுகளின் வேலையைச் சொல்லின் வரிசை தாங்கலாயிற்று.

அங்ஙனமாயின் என் விண்ணப்பத்தில் பிழை யாது? ‘கிவ்’, ‘சென்ட்’, ‘டெல்’, ‘ஷோ’, ‘டீச்’, ‘லென்ட்’ போன்ற பழைய ஆங்கில வினைகள் இரண்டு செயப்படுபொருள்களையும் அடுத்தடுத்து ஏற்கும். இலத்தீன் வழியாக வந்த ‘எக்ஸ்பிளெய்ன்’, ‘டிஸ்கிரைப்’, ‘சஜஸ்ட்’, ‘அனவுன்ஸ்’ முதலியன பெரும்பான்மையும் ஏற்கமாட்டா. அங்கே ‘டு’ கட்டாயம் வேண்டும்: ‘எக்ஸ்பிளெய்ன் தி ரூல்ஸ் டு மீ.’ விதிவிலக்கும் உண்டு. ‘பிராமிஸ்’ இலத்தீன் வழி வந்ததாயினும் இரண்டையும் ஏற்கும். ‘சே’ பழைய சொல்லாயினும் ஏற்காது. தமிழிலோ ‘எனக்குக் கொடு’, ‘எனக்கு விளக்கு’ இரண்டும் ஒன்று போலவே அமைகின்றன. தமிழின் ஒழுங்கை நம்பி நடந்தேன். ஆங்கிலத்தில் கால் இடறிற்று. அறிவின்மையால் வந்த இடறல் அன்று அது.

மறுபுறமும் இடறுவோம். ‘ஐ வாஸ் கிவன் எ புக்’ என்பதை ‘நான் ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டேன்’ என்று பெயர்ப்போர் உளர். பெறுபவன் எழுவாயாவது ஆங்கில மரபு. தமிழில் ‘நான் கொடுக்கப்பட்டேன்’ என்றால் என்னையே யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று பொருள்படும். ‘எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள்’ என்பதே தமிழ்.

இப்பொழுது குழந்தையின் வழக்குக்கு வருவோம். ‘ராம் கோ தேகோ’ என்றால் இராமனைப் பார். ‘ராம் கோ கிதாப் தோ’ என்றால் இராமனுக்குப் புத்தகம் கொடு. நம் ‘ஐ’யும் ‘கு’வும் செய்யும் இரு தொழிலையும் இந்தியின் ‘கோ’ ஒன்றே செய்கின்றது. நாள் முழுதும் ‘கோ’வைக் கேட்ட குழந்தை, தமிழிலும் ஓர் உருபு போதும் என்று எண்ணிவிட்டது. மத்திய இந்தி இயக்ககம் இருப்பதும் ஆர்.கே.புரத்தில், 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் இருப்பதும் ஆர்.கே.புரத்தில். இரண்டுக்கும் நடுவே வளரும் நம் பிள்ளைகள் மும்மொழிகளைப் பேசட்டும். ஆனால் ஒன்றின் உருபை மற்றொன்றில் ஒட்டாமல் பேசட்டும்.

அதற்கு வழி சிரிப்பு அன்று. அன்று மாலையே குழந்தையோடு ஒரு விளையாட்டுத் தொடங்கினேன். ‘யாரை?’ என்று நான் கேட்டால் ‘ஐ’ சேர்க்க வேண்டும், ‘யாருக்கு?’ என்றால் ‘கு’ சேர்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு கடலை மிட்டாய். அடுத்த ஞாயிறு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். “சித்தப்பா, என்னைக் கடைக்குக் கூட்டிப் போ. எனக்குப் பலூன் வாங்கிக் கொடு” என்றாள். இரண்டு உருபும் தத்தம் இடத்தில் நின்றன. அண்ணி அடுப்படியிலிருந்து சிரித்தார்கள்.

நண்பர்களே! ஆங்கிலம் எழுதும்போது ஐயம் தோன்றினால் தமிழில் ‘எதை? யாருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்ததும் ஆங்கிலம் அவற்றை எங்கே நிறுத்துகின்றது என்று நோக்குங்கள். பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளுங்கள். என்னைப் போல் ஓராண்டு வாய்மூடி இராதீர்கள்.