கடன் வாங்கி கேமரா வாங்கலாமா? பாலக்கரை வாலிபர்களே, முதலில் விளக்கை கவனியுங்கள்!

திருச்சி, பாலக்கரை:-

போட்டோ தொழிலுக்கு வர ஆசைப்படும் வாலிபர் முதலில் என்ன செய்கிறார்? கடன் வாங்குகிறார்.

அம்மாவின் சங்கிலி அடகு கடைக்கு போகிறது. இல்லாவிட்டால் மாத தவணை. பளபளவென்று புது கேமரா வீட்டுக்கு வந்து சேருகிறது. சொந்தக்காரர் தயவில் முதல் கல்யாண ஆர்டரும் கிடைக்கிறது.

படத்தை பார்த்த பெண் வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். பின்னால் தொங்கும் ஜிகினா திரை மட்டும் ஜொலிக்கிறது. மணப்பெண் முகம் இருட்டில் கிடக்கிறது. பாக்கி பணம் வராது. தவணை தேதி மட்டும் தவறாமல் வந்து விடும்.

கேமரா மேல் குற்றம் இல்லை. வெளிச்சம் வைக்க தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஊரில் வேலைக்கு பஞ்சம் இல்லை. பாலக்கரை சகாய மாதா கோவிலில் திருமணம், மண்டபத்தில் நிக்காஹ், ஸ்ரீரங்கத்தில் விடியற்காலை முகூர்த்தம் என்று ஏதாவது ஒன்று நடந்து கொண்டே இருக்கும். கடை வீதி வியாபாரிகளும் சேலை, பாத்திரம், நகை என்று செல்போன் விளம்பரத்துக்கு படம் கேட்கிறார்கள்.

பாஸ்போர்ட் சைஸ் போச்சு

அந்த காலத்தில் ஸ்டூடியோவுக்கு தினசரி சோறு போட்டது பாஸ்போர்ட் சைஸ் படம். இப்போது பாஸ்போர்ட் சேவை மையத்தில் அங்கேயே உட்கார வைத்து படம் எடுத்து விடுகிறார்கள். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் கையில் படம் கொண்டு போக வேண்டும். ஆதார் மையத்திலும் அவர்கள் கேமராதான். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையே மூடப்பட்டு விட்டது.

போதாக்குறைக்கு எல்லார் சட்டை பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. கல்யாண வீட்டு மாமா செல்போனில் எடுக்க முடியாத படத்தை எடுத்து கொடுத்தால்தான் இனிமேல் கூலி.

மலைக்கோட்டையை பிடித்த கேப்டன்

நம்ம ஊரை ஆரம்ப காலத்திலேயே படம் பிடித்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார பட்டாள கேப்டன். சென்னை மாகாண அரசு அவரை போட்டோகிராபராக நியமித்தது. அவர் எடுத்த திருச்சி, ஸ்ரீரங்கம் படங்கள் 1858-ல் புத்தகங்களாக வெளிவந்தன. ஏறக்குறைய 15 அங்குல அகலத்தில் காகித நெகட்டிவ். அதை தூக்கி கொண்டு அலைந்து இருக்கிறார். கரண்ட் கிடையாது, பிளாஷ் கிடையாது. சூரியன்தான் விளக்கு. (செலவு கட்டுப்படி ஆகாது என்று கவர்னர் டிரெவெலியன் பிறகு அந்த வேலையையே நிறுத்தி விட்டார். போட்டோவில் செலவு தகராறு அன்றைக்கே உண்டு!)

கரண்ட் வருவதற்கு முன்பு ஸ்டூடியோக்களிலும் இதே கதைதான். வடக்கு பார்த்து பெரிய கண்ணாடி ஜன்னல் வைப்பார்கள். வடக்கு பக்கம் ஆண்டில் பெரும்பாலான நாள் நேர் வெயில் அடிக்காது. வெளிச்சம் மெத்தென்று வரும்.

அந்த ஜன்னல் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். காசு கொடுக்காமல் பழகுவதற்கு அதை விட நல்ல விளக்கு இல்லை.

ஒரே ஒரு விளக்கு

ஜன்னல் இல்லாத வீடா? பத்துக்கு பன்னிரண்டு அறையும் ஒரு விளக்கும் போதும். தம்பியையோ தங்கச்சியையோ ஸ்டூலில் உட்கார வையுங்கள். சுவரை ஒட்டி வேண்டாம். நாலு, ஐந்து அடி முன்னால் தள்ளி உட்காரட்டும். ஒட்டி உட்கார்ந்தால் பின்னால் கறுப்பு நிழல் இன்னொரு ஆள் மாதிரி நிற்கும்.

விளக்கை முகத்துக்கு நேரே வைத்தால் முகம் தோசை மாதிரி தட்டையாகி விடும். ஒரு பக்கமாக 45 டிகிரி தள்ளுங்கள். தலைக்கு மேலே கொஞ்சம் உயர்த்தி, கீழே பார்க்க வையுங்கள். இப்போது மூக்கின் நிழலை பாருங்கள். அது உதட்டை தொட்டால் விளக்கு அதிக உயரம். கண்ணை பாருங்கள். கருவிழியில் சின்னதாக ஒரு வெள்ளை பொட்டு தெரிய வேண்டும். பொட்டு இல்லாவிட்டால் ஆள் தூங்கி வழிவது போல இருக்கும்.

மறு கன்னம் இருட்டாக இருக்கிறதா? இன்னொரு விளக்கு வாங்க ஓடாதீர்கள். ஸ்டேஷனரி கடையில் ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டை வாங்கி அந்த பக்கம் நிறுத்துங்கள். வெளிச்சம் அதில் பட்டு திரும்பி வரும். கிட்டே கொண்டு வந்தால் நிழல் குறையும், தள்ளி வைத்தால் கூடும். இந்த ஒரு விளையாட்டை ஒரு மாதம் ஆடினால் போதும். கண் திறந்து விடும்.

வெறும் பல்பு போட்டால் நிழல் கத்தி வெட்டியது போல விழும். முன்னால் வெள்ளை துணி கட்டிய சாப்ட் பாக்ஸ் அல்லது வெள்ளை குடை வேண்டும். விளக்கு பெரிதாகவும் ஆளுக்கு பக்கத்திலும் இருந்தால் நிழல் மெல்லியதாகும். தூரம் இரண்டு மடங்கு ஆனால் வெளிச்சம் பாதி ஆகும் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. கால் பங்குதான் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை. ஹாலஜன் விளக்கின் மேலேயே துணி கட்டாதீர்கள். தீப்பிடித்து விடும். எல்.இ.டி. விளக்கில் அந்த பயம் குறைவு. அதை வாங்கும்போது சி.ஆர்.ஐ. என்ற எண்ணை கேளுங்கள். 95-க்கு மேல் இருந்தால் தோல் நிறமும் பட்டு நிறமும் உள்ளது உள்ளபடி வரும்.

கறுப்பு முகத்துக்கு சுண்ணாம்பு!

நம்ம ஊர் முகம் மாநிறம், கறுப்பு. விளக்கு வைக்க தெரியாதவர் என்ன செய்கிறார்? கம்ப்யூட்டரில் வெளுக்கிறார். ஆல்பத்தை திறந்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி யாரோ ஒரு பெண். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிய மாட்டேன் என்கிறது. இதற்கு ஆயிரக்கணக்கில் கூலி வேறு.

பிலிம் காலத்திலேயே இந்த வம்பு தொடங்கி விட்டது. அமெரிக்க கோடாக் கம்பெனி, கலர் சரி பார்க்க லேப்களுக்கு ஒரு மாதிரி கார்டு அனுப்பும். அதில் இருப்பது வெள்ளைக்கார பெண். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் நிறம் சரியாக விழுந்தால் எல்லாம் சரி. கறுப்பர் முகம் கரியாக விழுந்தாலும் கேட்பார் இல்லை. சாக்லேட் கம்பெனிகளும் மர சாமான் கம்பெனிகளும் "எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை" என்று புகார் செய்த பிறகுதான் பிலிமை திருத்தினார்கள் என்று கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பிற்பாடு சொல்லி இருக்கிறார்கள். மனிதன் சொன்னபோது நடக்கவில்லை, மேஜை நாற்காலி சொன்னபோது நடந்தது!

இப்போது உள்ள கேமராவும் ஏமாறும். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சட்டையை பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று நினைத்து மொத்த படத்தையும் இருட்டாக்கி விடும். ஆகவே ஸ்பாட் மீட்டரில் போட்டு அளவை முகத்தில் பாருங்கள். நேர் பிளாஷ் அடித்தால் நெற்றி எண்ணெய் வடிந்தது போல மின்னும். பெரிய சாப்ட் பாக்சை பக்கவாட்டில் வைத்து எடுத்தால் கன்னத்து ஓரம் மினுமினுக்கும். கறுப்பு நிறத்துக்கு அது தனி அழகு. வெளுக்க வேண்டிய வேலையே இல்லை.

மண்டபத்தில் இன்னொரு தொல்லை. டியூப் லைட், மஞ்சள் சீரியல் பல்பு, வீடியோக்காரர் விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரு கன்னம் பச்சை, ஒரு கன்னம் மஞ்சள் ஆகி விடும். மானேஜரிடம் தன்மையாக பேசி ஒன்றை அணைக்க சொல்லுங்கள்.

பில் இல்லாத கேமரா

கேமரா பழசாக இருந்தால் பரவாயில்லை. கூட 50 எம்.எம். லென்ஸ் ஒன்று வாங்குங்கள். அகல லென்சில் கிட்டே போய் எடுத்தால் மூக்கு கத்தரிக்காய் ஆகி விடும். ஐந்து அடி தள்ளி நின்று எடுங்கள்.

பழைய லென்சுக்குள் டார்ச் அடித்து பாருங்கள். நூல் நூலாக பூஞ்சை தெரிந்தால் வேண்டாம். ஷட்டர் எத்தனை தடவை ஓடி இருக்கிறது என்று கேளுங்கள். பழைய பிளாசை புது கேமராவில் மாட்டும் முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சில பழைய பிளாஷ்களின் தூண்டும் வோல்டேஜ் 200-ஐ தாண்டும். கேமரா போர்டு போய் விடும். பிளாசை கழற்றியும் பார்க்காதீர்கள். பிளக்கை பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கி இருக்கும்.

பில் கேளுங்கள். பில்லில் உள்ள நம்பரும் கேமரா நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். "பில் தொலைந்து போச்சு, பாதி விலைக்கு எடுத்துக்கோ" என்றால் நடையை கட்டுங்கள். திருட்டு பொருள் என்று தெரிந்தோ, நம்ப காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில்.

கேமரா வைத்து இருப்பவரும் உஷார். வாடகைக்கு எடுத்து போய் அடகு வைப்பது, கல்யாண ஆர்டர் என்று போனில் அழைத்து ஆள் இல்லாத இடத்தில் கேமராவை பறிப்பது, இரண்டும் போலீஸ் நிலையங்களுக்கு புதிது அல்ல. முன்பணம் வாங்காமல், மண்டபத்துக்கு போன் போட்டு விசாரிக்காமல், தெரியாத ஆர்டருக்கு தனியாக போக கூடாது.

எங்கே படிப்பது?

ஓடுகிற ஸ்டூடியோவில் ஆறு மாதம் லைட் பிடிக்க போவது நல்ல படிப்பு. சம்பளம் பெரிதாக கிடைக்காது. ஆனால் அடுத்தவர் செலவில் தவறு கற்கலாம். மணப்பெண் அறையில் படம் எடுக்க பெண் போட்டோகிராபர் இருந்தால் வீட்டாருக்கு நிம்மதி. தங்கச்சிகளும் யோசிக்கலாம்.

பத்தாவது தேறியவர்களுக்கு ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் 'டிஜிட்டல் போட்டோகிராபர்' என்ற ஓராண்டு பிரிவு உண்டு. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது. விசாரித்து சேர வேண்டும்.

பிளஸ் 2 முடித்தவர்களுக்கு சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சி பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவு 4 ஆண்டு பட்டப்படிப்பு. பி.சி.ஸ்ரீராமும் ராஜீவ் மேனனும் சென்னை பிலிம் இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்கள்தான். வசதி உள்ளவர்களுக்கு ஊட்டியில் 2001-ல் தொடங்கிய 'லைட் அண்டு லைப் அகாடமி' என்ற தனியார் பள்ளி உண்டு. டிகிரி முடித்தவர்கள் மத்திய அரசின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் காந்திநகர் வளாகத்தில் போட்டோகிராபியில் மேல்படிப்பு படிக்கலாம். அதற்கு நுழைவு தேர்வு எழுத வேண்டும்.

எங்கே போனாலும் நீங்கள் எடுத்த படங்களை காட்ட சொல்வார்கள். இருபது நல்ல படம் இருந்தால் போதும். ஒரே முகத்தை, ஒரே விளக்கில், விளக்கை மட்டும் இடம் மாற்றி எடுத்த ஐந்து படம் அதில் இருக்கட்டும். கேட்பவர் தொழில் தெரிந்தவராக இருந்தால் முதலில் அதைத்தான் எடுத்து பார்ப்பார்.