செஞ்சிக் கோட்டை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில் நிலத்தின் தோற்றம் மாறுகிறது. வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவே, பெரும்பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தாற்போன்ற குன்றுகள் எழுகின்றன. அவற்றுள் மூன்றை மதிலால் இணைத்து அமைக்கப்பட்டதே விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக் கோட்டை. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்பன அம்மூன்று குன்றுகள்.

கி.பி. 1190 அளவில் அனந்தக்கோன் என்பவர் இங்கு முதல் அரணை எழுப்பினார் என்பது மரபுவழிச் செய்தி. இன்று காணும் கட்டடங்களுட் பெரும்பாலானவை விசயநகரப் பேரரசின்கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர் காலத்தவை. 1597-இல் இங்கு வந்த பிமெண்டா என்னும் கிறித்தவத் துறவி, தாம் இந்தியாவில் கண்ட நகரங்களுள் இதனையே மிகப் பெரியதாகக் குறித்துள்ளார்.

செஞ்சியின் முதல் மதிலைக் கட்டியது இயற்கை எனலாம். செங்குத்தான பாறை நின்ற இடத்தில் அதனையே சுவராகக் கொண்டு, இடைவெளி இருந்த இடத்தில் மட்டும் கருங்கல்லை அடுக்கினர். சமவெளியில் ஓடும் மதிலோ இருபுறமும் கல்முகம் கொண்டு, நடுவே மண்ணும் கல்லும் நிரப்பப்பெற்றது. வெளியே அகழி சூழ்ந்தது. வாயில்களின் வழி நேரே உட்செல்லாது; திரும்பித் திரும்பிச் செல்லும். நுழையும் பகைவர் ஒவ்வொரு திருப்பத்திலும் மேலிருந்து தாக்கப்படுவர். சுமார் 800 அடி உயரமுள்ள இராசகிரியின் உச்சியை நெருங்கும்போது, ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடைய பிளவு ஒன்று வழியை மறிக்கிறது. அதன்மேல் இருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் சிறுபடையும் உச்சியைக் காத்து நிற்கும்.

எனினும் பாறையைக் கடித்து உயிர் வாழ இயலாது. இசுக்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையும் இவ்வாறே தனிப்பாறைமீது அமைந்தது. 1573-ஆம் ஆண்டு முற்றுகையில் பீரங்கிக் குண்டுகளால் அதன் கோபுரம் சரிந்து கிணற்றை அடைத்தது; தண்ணீரின்றி வாடிய காவற்படை சில நாள்களில் பணிந்தது. செஞ்சியைக் கட்டியோர் நீரை ஓரிடத்தை நம்பி விடவில்லை. குன்றின்மேல் சுனைகளும், அடிவாரத்தில் ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம் முதலியனவும் இருந்தன. மாடங்கள் அடுக்கடுக்காக உயரும் கலியாண மகாலுக்குச் சுட்ட மண்குழாய்களின் வழியே நீர் வந்தது. அருகிலுள்ள நெற்களஞ்சியங்களின் தடித்த சுவர்களைக் கண்டால், கருவூலத்துக்கு நிகராக நெல்லைக் காத்தனர் என்பது விளங்கும்.

இவ்வேற்பாடுகளின் பயன் மராத்தியர் காலத்தில் வெளிப்பட்டது. 1649-இல் பீசப்பூர் சுல்தானிடம் சென்ற கோட்டையைச் சிவாசி 1677-இல் கைப்பற்றி வலுப்படுத்தினார். பின்னர் அவர் மகன் இராசாராம் முகலாயருக்குத் தப்பி இங்கு வந்து தங்கினார். 1690-இல் சுல்பிகர்கான் தலைமையில் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீண்டது. மூன்று குன்றுகளையும் முழுமையாக வளைக்க முகலாயப் படை போதவில்லை; வெளியிலிருந்து வந்த மராத்தியக் குதிரைப்படை முற்றுகையிட்டோரையே பட்டினியில் தள்ளியது. கோட்டை வீழ்ந்தபோது இராசாராம் அங்கில்லை. முன்னரே தப்பிச் சென்றிருந்தார்.

1714-இல் ஆர்க்காட்டு நவாப்பை எதிர்த்துச் சிறுபடையுடன் களம் புகுந்து மாண்ட தேசிங்குராசனை நாட்டார் கதைப்பாடல் இன்றும் மறக்கவில்லை. அவர் மதிலுக்குள் இருந்து காத்திருக்காமல் வெளியே வந்து பொருதார் என்பது கருதத்தக்கது.

எட்டாண்டு தாங்கிய அரண் 1750 செப்டம்பரில் ஓர் இரவில் வீழ்ந்தது. தோற்றுச் சிதறிய படையினரே அப்போது உள்ளே இருந்தனர். புசி தலைமையிலான பிரெஞ்சுப் படை, வெடிமருந்தால் வாயிலைத் தகர்த்து நுழைந்து, இருளிலேயே மூன்று குன்றுகளின்மீதும் ஏறியது. விடிந்தபின் தாம் ஏறிவந்த செங்குத்துப் பாதைகளைக் கண்டு வென்றவர்களே வியந்தனராம். 1761-இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று.

2025-இல் மராத்தியரின் பன்னிரு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி யுனெசுகோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது; அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது இதுவொன்றே. கீழ்க்கோட்டையிலுள்ள வேங்கடரமணர் கோயிலின் விரிந்த மண்டபங்களை இன்றும் காணலாம். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் வேலைப்பாடமைந்த கற்றூண்கள், பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து கொண்டு சென்றவை என்பர்.