மூடியைத் தாங்கும் வாயு

மோட்டார் வண்டியின் எந்திரத்தைச் சோதிக்க வேண்டுமாயின், முதலில் ‘பானெட்’ என்னும் முன்மூடியை உயர்த்த வேண்டும். பல வண்டிகளில் அதனைத் தாங்கி நிற்பது ஒரே ஓர் இரும்புக் கம்பியாகும். காற்றடித்தோ கைபட்டோ அது நழுவுமாயின், குனிந்திருப்பவர் தலைமீது மூடி விழும். இவ்விடரை நீக்கவே, இருபுறமும் ‘கேஸ் ஸ்ட்ரட்’ எனப்படும் வாயுத்தண்டுகளைப் பொருத்துகின்றனர். அவை மூடியைத் தாங்குவது எவ்வாறு என்று காண்போம்.

வாயுத்தண்டின் வெளிப்பகுதி நன்கு அடைக்கப்பட்ட ஓர் எஃகு உருளை. அதனுள் மிகுந்த அழுத்தத்தில் நைட்ரஜன் வாயுவும், சிறிதளவு எண்ணெயும் உள்ளன. உள்ளே பிஸ்டன் ஒன்றும், அதனோடு இணைந்து வெளியே நீளும் தண்டு ஒன்றும் இருக்கின்றன. பிஸ்டனில் நுண்துளை உண்டு. ஆதலால் ஓய்வு நிலையில் அதன் இருபுறமும் அழுத்தம் ஒன்றே. அவ்வாறாயின் தண்டு வெளியே தள்ளப்படுவது ஏன்?

பிஸ்டனின் ஒரு முகம் முழுவதையும் வாயு அழுத்துகிறது. மறுமுகத்திலோ, தண்டு பொருந்திய பரப்பில் வாயு படுவதில்லை. அப்பரப்பின் அளவுக்கு எஞ்சும் விசையே தண்டைத் தள்ளுகிறது. 8 மி.மீ. விட்டமுள்ள தண்டின் குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 50 சதுர மி.மீ. உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 40 மடங்கு எனின், விசை சுமார் 200 நியூட்டன் ஆகும். நுண்துளை வாயுவின் ஓட்டத்தைத் தடுப்பதால், மூடி திடுமென எழாமல் மெல்ல எழுகிறது.

எத்துணை வலிமையுள்ள தண்டு வேண்டும்? நெம்புகோல் விதியே இதற்கு விடை தரும். மூடியின் எடை 160 நியூட்டன் என்றும், திறந்த நிலையில் அதன் எடைமையம் கீலிலிருந்து 40 செ.மீ. கிடைத்தூரத்தில் உள்ளது என்றும் கொள்வோம். தண்டின் விசைக்கோடு கீலுக்கு 20 செ.மீ. செங்குத்துத் தூரத்தில் இருப்பின், இரு தண்டுகளும் சேர்ந்து 320 நியூட்டன் தர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 160 போதும். ஆயினும் 200 உள்ளதையே தேர்வது நன்று. வெப்பநிலை 30 பாகையிலிருந்து 0 பாகை செல்சியசுக்கு இறங்கினால், வாயுவின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். அப்போதும் இரண்டும் சேர்ந்து 360 நியூட்டன் தரும், மூடி விழாது. அளவுக்கு மிஞ்சிய வலிமையும் தீதே. அது மூடியின் தகட்டை வளைத்துவிடும்.

பொருத்தும்போது மற்றொருவர் மூடியைத் தாங்கிப் பிடித்தல் வேண்டும். தண்டின் இருமுனைக் குமிழ்களையும் மெல்லிய தகட்டில் அன்றி, உறுதியான சட்டத்தில் பதிக்க வேண்டும். மூடி மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கி இருந்தால், எண்ணெய் தங்கி அடைப்பு உலராமல் காக்கும். தண்டைக் குறடு கொண்டு பற்றலாகாது. கீறல் விழுந்தால் வாயு கசியும். பழைய தண்டைத் துளைப்பதும் தீயிலிடுவதும் பேரிடராகும்.

ஆண்டுகள் செல்லச் செல்ல வாயு சிறிது சிறிதாகக் கசிவது இயல்பு. உயர்த்திய மூடி தானே தாழத் தொடங்கினால், அதன்கீழ்த் தலையை நீட்டாதீர்கள். இரு தண்டுகளையும் ஒருங்கே மாற்றுங்கள். அதுவரை மூடியைத் தாங்குவதற்குப் பழைய இரும்புக் கம்பியை எறிந்துவிடாமல் வைத்திருப்பதே அறிவுடைமை.