6ஜி வரப்போகிறதே, இப்போது 5ஜி போன் வாங்கலாமா?

பழைய 4ஜி போனை மாற்ற நினைப்பவர்கள் பலருக்கும் ஒரு தயக்கம் உண்டு. சில ஆண்டுகளில் 6ஜி வந்துவிடும் என்கிறார்களே, இப்போது 5ஜி போனில் போடும் பணம் வீண்தானே? வீணாகாது. வரப்போகும் தொழில்நுட்பத்துக்காக இப்போதே பணம் கொடுப்பதில்தான் நஷ்டம் அதிகம்.

6ஜி எப்போது வரும்?

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 6ஜிக்கான அடிப்படை வரையறையை 2023இல்தான் ஏற்றது. 2030 வாக்கில் சேவையைத் தொடங்குவது துறையின் இலக்கு. அது இங்கு வர மேலும் தாமதமாகலாம்: தென்கொரியாவில் 2019 ஏப்ரலில் தொடங்கிய 5ஜி, இந்தியாவுக்கு வந்தது 2022 அக்டோபர் 1 அன்று. ஏர்டெல் முதலில் சேவை தொடங்கிய 8 நகரங்களில் சென்னையும் ஒன்று. சிற்றூர்கள் மேலும் காத்திருந்தன.

முந்தி வாங்கியவர்களின் அனுபவம்

இந்தியச் சந்தையில் 5ஜி போன்கள் 2020லேயே விற்பனைக்கு வந்துவிட்டன. வாங்கியவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதில் 4ஜிதான் பார்த்தார்கள். சேவை தொடங்கிய பிறகும் பல போன்களுக்கு அப்டேட் தேவைப்பட்டது. ஐபோன்களுக்கு அது 2022 டிசம்பரில்தான் கிடைத்தது. 2016இல் ஜியோ வந்தபோதும் இதே கதை. 4ஜி வழியாகவே பேச உதவும் ‘வோல்டி’ (VoLTE) வசதி இல்லாத 4ஜி போன்களில், தனிச் செயலி இல்லாமல் ஜியோவில் பேசவே முடியவில்லை.

பழையது உடனே நிற்குமா?

நிற்காது. புதிய போன்கள் பழைய அலைவரிசைகளையும் பிடிக்கும்; நிறுவனங்களும் பழைய சேவையைப் பல ஆண்டுகள் நடத்துகின்றன. ஏர்டெல் 2020 வாக்கில் 3ஜியை மூடியது, அதைவிடப் பழைய 2ஜியை வைத்துக்கொண்டது. சாதாரண பட்டன் போன்களை நம்பியிருப்பவர்கள் அத்தனை பேர். பெரும்பாலான போன்கள் நெட்வொர்க் மாறும் முன்பே பேட்டரி தளர்ந்தும் பாதுகாப்பு அப்டேட் நின்றும் ஓய்ந்துவிடுகின்றன.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

ஜியோவின் 5ஜி, 4ஜியைச் சாராமல் தனித்து இயங்குவது. அதற்கு ‘எஸ்ஏ’ (SA) எனப்படும் வசதியும் என்28 (n28), என்78 (n78) ஆகிய அலைவரிசைப் பேண்டுகளும் போனில் இருக்க வேண்டும். ஏர்டெல்லுக்கு என்78 முக்கியம். தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலைத் திறந்தால் இவை இருக்கும். எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் என்பதையும் கேளுங்கள். கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு 7 ஆண்டுகள் என அறிவிக்கப்பட்டது. விலை குறைந்த போன்களில் இது வெகுவாகக் குறையலாம்.

கையிலிருக்கும் 4ஜி போன் நன்றாக ஓடுகிறது, அப்டேட்டும் வருகிறது, வீட்டிலும் வேலையிடத்திலும் 5ஜி சிக்னல் இல்லை என்றால் மாற்ற அவசரமில்லை. அப்டேட் நின்றுபோன போனில்தான் வங்கிக் கணக்கையும் யுபிஐயையும் வைத்திருக்கிறீர்கள் என்றால், 6ஜியை எண்ணித் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள்.